சிகரெட்டை விடும் முயற்சி எத்தனை மணிக்கு உடைகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிகரெட்டை விட உதவி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: கடைசியாக விட்டபோது, மறுபடி எத்தனை மணிக்குப் பற்றவைத்தீர்கள்? பெரும்பாலானவர்கள் ‘எனக்கு மன உறுதி போதாது’ என்பார்கள். நான் கேட்டது மணி. இன்னொரு முறை கேட்டால் சற்று யோசித்து, ‘காலையில், பல் துலக்குவதற்கு முன்பே’ என்றோ, ‘இரண்டாவது வாரம் ஓர் இரவு, நண்பர்களோடு குடிக்கும்போது’ என்றோ சொல்வார்கள். அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது. காலையில் உடைந்தவருக்கு வேண்டிய உதவியை இரவில் உடைந்தவருக்குக் கொடுத்துப் பயனில்லை.

மன உறுதிப் பேச்சை ஓரங்கட்ட ஒரு கணக்கு போதும். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில், ஆறு மாதமோ ஓராண்டோ தாண்டி நிற்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். மீதிப் பேர் அனைவரும் உறுதியற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் சரியான கருவி இல்லை, அவ்வளவே.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். மருத்துவர் கடைசியில் வருவார். சிலர் மட்டும் இந்த வரிசையைத் தாண்டி நேரே மருத்துவரிடம் போக வேண்டும்: கர்ப்பிணிகள், 18 வயது நிரம்பாதவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மனநல மருந்து சாப்பிடுபவர்கள்.

## அறிகுறி 1: நாள் குறிக்கிறேன், நாள் வந்ததும் தள்ளிப்போகிறது

நாள் தொலைவில் இருக்கிறதா? புத்தாண்டு, பிறந்தநாள் என்று மாதக்கணக்கில் தள்ளிக் குறித்த நாள் வருவதற்குள் ஆர்வம் அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்குள் ஒரு சாதாரண நாளைக் குறியுங்கள். வேலை நெருக்கடி உச்சத்தில் இருக்கும் நாள் வேண்டாம்.

வீட்டில் மிச்சம் இருக்கிறதா? ‘இந்தப் பாக்கெட் முடியட்டும்’ என்பது முடிவே இல்லாத வாக்கியம். முந்தைய இரவே சட்டைப்பை, கைப்பை, வண்டி, மேசை இழுப்பறை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். சாம்பல் கிண்ணமும் லைட்டரும் கூடப் போகட்டும். அவசரத்துக்கு ஒன்று என்று அலமாரி மேலே ஒளித்துவைத்தால், அந்த அவசரம் மறுநாளே வந்துவிடும்.

யாருக்காவது சொன்னீர்களா? தோற்றால் கேலி செய்வார்கள் என்று பலர் யாரிடமும் சொல்வதில்லை. கேலி செய்யாத ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை.

குறைத்துக்கொண்டே போய் விடலாம் என்ற எண்ணமா? முடிவு நாளும், இடையில் நிக்கோட்டின் மருந்தும் (சிகரெட்டில் அடிமையாக்கும் பொருளான நிக்கோட்டினைப் புகையில்லாமல் தரும் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் போன்றவை) இருந்தால் அது நல்ல வழிதான். முடிவு நாள் இல்லாமல் ‘இப்போது ஒன்றிரண்டுதான்’ என்று நின்றுவிடுவதுதான் சிக்கல். நாளுக்கு 20 பிடிப்பவருக்கு இதய நோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. எண்ணிக்கை குறைந்த அளவுக்கு ஆபத்து குறைவதில்லை.

மருத்துவரை அழைக்கும் இடம்: இரண்டு மூன்று முறை நாள் தவறிப்போனால், வாரெனிக்லின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். அதைப் புகைத்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கி, ஒரு வாரம் கழித்துச் சிகரெட்டை நிறுத்துவார்கள். சிகரெட்டில் கிடைக்கும் திருப்தியை அது மழுங்கடித்துவிடுவதால், தொடக்கமே பெரும்பாடாக இருப்பவர்களுக்கு ஏற்றது.

## அறிகுறி 2: காலையிலேயே உடைகிறது

இங்கே ஒரே ஒரு சோதனை. கண் விழித்ததிலிருந்து முதல் சிகரெட் வரை எத்தனை நிமிடம்? 30 நிமிடத்துக்குள் என்றால் உடல் நிக்கோட்டினுக்கு நன்றாகவே பழகிவிட்டது. இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இரவு முழுவதும் தூங்கி எழும்போது கையிருப்பு காலி. அந்த நேரத்தில் தன்னம்பிக்கை வாசகங்களைப் படித்துப் புண்ணியமில்லை. மருந்து வேண்டும்.

30 நிமிடத்துக்குள் பிடிப்பவர் நிக்கோட்டின் சூயிங்கம்மோ கரையும் மாத்திரையோ எடுத்தால் 4 மி.கி. அளவு, அதற்குப் பிறகு பிடிப்பவர் 2 மி.கி. நாளுக்கு 10-க்கு மேல் பிடிப்பவருக்கு நிக்கோட்டின் பேட்ச் பொதுவாக 21 மி.கி.யில் தொடங்கும், 10 அல்லது அதற்குக் குறைவு என்றால் 14 மி.கி. பேட்சை எழுந்தவுடன், எதற்கும் முன்பாக ஒட்டுங்கள். அது மெதுவாக ஏறும். ஏறும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் ஒரு சூயிங்கம் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று தயங்குகிறார்கள். பயன்படுத்தலாம். தனித்தனியாக எடுப்பதைவிடச் சேர்த்து எடுப்பது நன்றாக வேலை செய்கிறது.

## அறிகுறி 3: சூயிங்கம், பேட்ச் எல்லாம் பார்த்துவிட்டேன், வேலை செய்யவில்லை

நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். மருந்தைக் குறை சொல்லும் முன், எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று பார்க்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் என்று எண்ணிக்கை சொல்ல விரும்பவில்லை. ஆனால் கோளாறு பயன்படுத்தும் முறையில் இருப்பதுதான் வழக்கம்.

### மென்றால் விக்கல், நெஞ்செரிச்சல், வாந்தி வருவது போல் இருக்கிறது

சாதாரண சூயிங்கம் போல மென்றிருக்கிறீர்கள். நிக்கோட்டின் கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக இரத்தத்தில் சேர வேண்டியது. விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், அங்கே விக்கலையும் எரிச்சலையும் கிளப்பும். வேட்கை அப்படியே இருக்கும்.

முறை இது. மெதுவாக மெல்லுங்கள். சற்று நேரத்தில் மிளகு கடித்தது போல ஒரு காரமும் ஈறில் ஒரு சுருக்கும் தெரியும். உடனே மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் சுருக்கு அடங்கும். மறுபடி மெல்லுங்கள், மறுபடி வேறு பக்கத்தில் ஒதுக்குங்கள். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். மெல்லும் நேரத்தைவிட ஒதுக்கிவைத்திருக்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும்.

### முறையாக மென்றும் ஒன்றும் தெரியவில்லை

கடைசியாக என்ன குடித்தீர்கள்? காபி, பழச்சாறு, சோடா பானங்கள் வாயில் அமிலத்தைக் கூட்டும். அமிலம் இருந்தால் நிக்கோட்டின் தோலுக்குள் இறங்காது. மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, மென்று முடிக்கும்வரை தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். காபி குடித்தவுடன் சிகரெட் தேடும் பழக்கம் உள்ளவர்கள் அதே நேரத்தில்தான் சூயிங்கத்தை வாயில் போடுகிறார்கள். பாவம், மருந்து என்ன செய்யும்?

அடுத்த கேள்வி, நாளுக்கு எத்தனை? தாங்க முடியாமல் போகும்போது மட்டும் ஒன்று என்று மூன்று நான்கோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பதுதான் வழக்கமான அளவு. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது.

### பேட்ச் ஒட்டிய இடம் அரிக்கிறது, கழன்று விழுகிறது

ரோமம் இல்லாத, சுத்தமான, காய்ந்த தோல் வேண்டும்: மேல்கை, மார்பு, முதுகு. எண்ணெயோ கிரீமோ பூசிய தோலில் ஒட்டாது. உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். தினமும் இடம் மாற்றுங்கள். ஒட்டிய இடத்துக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள். லேசான அரிப்பு முதல் ஒரு மணி நேரத்தில் அடங்கும். தோல் சிவந்து தடித்து நாட்கணக்கில் அடங்கவில்லை என்றால் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

### பேட்ச் போட்டால் இரவெல்லாம் கனவு

24 மணி நேரப் பேட்சைப் படுக்கும் முன் கழற்றிவிடுங்கள்; காலையில் புதியது. காலை வேட்கை கடுமையாக இருப்பவர் மட்டும் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்: கனவா, காலை நெருக்கடியா என்று அவரே முடிவு செய்யட்டும்.

### நன்றாக வேலை செய்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டேன்

எத்தனை வாரம் எடுத்தீர்கள்? ‘இரண்டு வாரம்’ என்ற பதில் எனக்கு மனப்பாடம். 21 மி.கி. ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம் என்று இறங்குவது ஒரு வழக்கமான அட்டவணை. பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்: இதிலும் நிக்கோட்டின்தானே இருக்கிறது என்கிறார்கள். அடிமையாக்குவது நிக்கோட்டின், உண்மைதான். புற்றுநோயைக் கொண்டுவருவது புகையில் இருக்கும் மற்றவை. சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் 69 புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியானவை. பேட்சில் புகை இல்லை. நிக்கோட்டின் சூயிங்கத்தையும் பேட்சையும் உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மருத்துவரை அழைக்கும் இடம்: முறை, அளவு, காலம் மூன்றும் சரியாக இருந்தும் வேட்கை அடங்கவில்லை என்றால், மாத்திரைக்கு மாறும் நேரம். வாரெனிக்லின், பியூப்ரோப்பியான், சைட்டிசின் ஆகிய மூன்றையும், நிக்கோட்டின் மருந்துகளோடு சேர்த்து, 2024-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இவை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் வகை அல்ல. வலிப்பு வந்தவர்களுக்கும், உணவுண்ணும் கோளாறு உள்ளவர்களுக்கும் பியூப்ரோப்பியான் ஆகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் வாரெனிக்லின் அளவு மாறும். அதில் குமட்டல் வருவது சகஜம். சாப்பிட்ட பிறகு, ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு விழுங்கினால் பெரும்பாலும் அடங்கும். அது மனநிலையைக் குலைத்துவிடும் என்ற பழைய அச்சம் இன்னும் உலவுகிறது. 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2016-இல் வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வாரெனிக்லின் எடுத்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாக இல்லை. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதுபற்றிய கடும் எச்சரிக்கையை மருந்தோடு வரும் விவரக் குறிப்பிலிருந்து நீக்கியது.

## அறிகுறி 4: மூன்றாம் நாள், படபடப்பு, எரிச்சல், தூக்கமில்லை

நாள்காட்டியைப் பாருங்கள். நிக்கோட்டின் கிடைக்காததால் வரும் விலகல் தொல்லைகள் முதல் நாளே தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சம் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிகின்றன. உச்சத்தில் நின்றுகொண்டு ‘இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தான்’ என்று கணக்குப் போடாதீர்கள்.

காபி, தேநீர் எத்தனை குவளை? இதை யாரும் யோசிப்பதில்லை. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது; அதே நான்கு குவளை இப்போது உடலில் நெடுநேரம் தங்குகிறது. படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் விலகல் தொல்லை போலவே இருக்கும். குவளைகளைப் பாதியாகக் குறைத்து இரண்டு நாள் பாருங்கள். பேட்ச் போட்டிருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் கல்லீரலை முடுக்கியது நிக்கோட்டின் அல்ல, புகை.

வேட்கை வரும் நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள்? ஒரு வேட்கை பொதுவாக மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கையிலும் வாயிலும் வேலை வேண்டும்: தண்ணீர் குடிக்கலாம், முகம் கழுவலாம், எழுந்து வேறு அறைக்குப் போகலாம், யாருக்காவது போன் செய்யலாம். எது என்று முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க மூளை ஒத்துழைக்காது.

மருத்துவரை அழைக்கும் இடம்: தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து), கிளோசபின், ஒலான்சபின் (மனநல மருந்துகள்) போன்றவற்றுக்கும் காஃபீனுக்கு நடப்பதே நடக்கும், அளவு கூடி நஞ்சாகலாம். இவற்றைச் சாப்பிடுபவர்கள் விடும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், சர்க்கரை நோய் மருந்து எடுப்பவர்களும் அப்படியே.

மனச்சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் இறங்காமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம்; அன்றே, அந்த மணியே ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். சிகரெட் விவகாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 5: வாரக்கணக்கில் நன்றாக இருந்தேன், ஒரே மாலையில் போய்விட்டது

உடல் அடங்கிவிட்டது, இப்போது கோளாறு இடத்திலும் ஆளிலும் இருக்கிறது. கூட யார் இருந்தார்கள், கையில் என்ன இருந்தது என்று எழுதிப் பாருங்கள். மது என்றால் முதல் சில வாரங்களுக்கு மதுவையும் ஒதுக்குவதுதான் வழி. ‘குடிப்பேன், ஆனால் பற்றவைக்க மாட்டேன்’ என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, அடுத்த வாரம் அவர்களே வந்து சொல்வார்கள். சண்டை, கோபம், அழுத்தம் என்றால் அந்த ஐந்து நிமிட வேலையை மறுபடி திட்டமிட வேண்டும். நண்பர் நீட்டியதால் என்றால், ‘வேண்டாம், விட்டுவிட்டேன்’ என்ற ஒரு வரியை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘குறைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். அது இன்னொரு முறை நீட்டச் சொல்லும் அழைப்பு.

ஒன்று பிடித்துவிட்டீர்கள், சரி. பாக்கெட்டில் மீதி இருப்பதை இப்போதே நனைத்து எறியுங்கள். பேட்ச் போட்டிருந்தால் கழற்ற வேண்டாம், மருந்தைத் தொடருங்கள். ‘எப்படியும் கெட்டுவிட்டது, திங்கட்கிழமை முதல் புதிதாக’ என்பதுதான் ஒரு சிகரெட்டை ஒரு பாக்கெட்டாக மாற்றுகிறது.

## அறிகுறி 6: உதவி கேட்டேன், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை

எங்கே கேட்டீர்கள்? பல நாடுகளில் புகைவிடும் இலவசத் தொலைபேசி எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. தூக்கி எறியும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் அரசு சுகாதாரத் துறையின் இணையதளத்தில் தேடுங்கள். 2005-இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, விட விரும்புபவர்களுக்கு உதவும் கடமையை அரசுகளின்மேல் வைத்திருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

என்ன சொன்னீர்கள்? ‘சிகரெட்டை விட வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் பொது அறிவுரைதான் வரும். நாளுக்கு எத்தனை, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதலாவது, முன்பு என்ன மருந்து எடுத்தீர்கள், எந்த மணிக்கு உடைந்தது ஆகிய நான்கையும் முதல் நிமிடத்தில் சொல்லுங்கள். முடிவில், ‘நான் விடும் நாளுக்கு மறுநாள் நீங்களே என்னை அழைப்பீர்களா?’ என்று கேளுங்கள். ஆலோசகர் தாமாகவே திரும்பத் திரும்ப அழைக்கும் சேவை, ஒருமுறை பேசி வைத்துவிடுவதைவிட நன்றாகப் பயன் தருகிறது.

பேசவே பிடிக்கவில்லையா? குறுஞ்செய்திச் சேவைகள் இருக்கின்றன. அவையும் விடுபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. குழுவாக அமர்ந்து பேசும் கூட்டங்கள் சிலருக்கு மருந்தைவிடக் கைகொடுக்கும், சிலருக்கு ஒத்துவராது. இரண்டு முறை போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்களா? ஒரே நாளில் விடுதலை, ஒரே ஊசியில் தீர்வு, நூறு சதவீத உத்தரவாதம் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான சிகிச்சை எதற்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. மூலிகைச் சிகரெட்டும் வேண்டாம்: எதை எரித்து இழுத்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகின்றன.

## அறிகுறி 7: விட்ட பிறகு உடம்பு மோசமானது போல் இருக்கிறது

இருமலும் சளியும் சில வாரம் கூடலாம். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து, தேங்கியதை வெளியே தள்ளுகின்றன. மலச்சிக்கல், வாய்ப்புண் இரண்டும் வரும், போகும். தண்ணீரும் நார்ச்சத்தும் போதும். எடை, முதல் ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது. முதல் மூன்று மாதத்தில் பட்டினி கிடந்து இரண்டு போர்களை ஒரே நேரத்தில் நடத்தாதீர்கள். முதலில் சிகரெட், பிறகு எடை.

மருத்துவரை அழைக்கும் இடம்: சளியில் இரத்தம், மூன்று வாரம் தாண்டிய இருமல், காரணமில்லாமல் எடை குறைதல், குரல் கரகரப்பு நீடித்தல். நெஞ்சு வலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

## அறிகுறி 8: எல்லாம் செய்தாயிற்று, மறுபடியும் மறுபடியும் உடைகிறது

புகையிலை விடுவிப்பு மையம், நெஞ்சக நோய் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகிய மூவரில் ஒருவரிடம் போகும் நேரம் இது. ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எடுத்த மருந்துகள், அவற்றின் அளவு, எத்தனை வாரம், ஒவ்வொரு முறையும் உடைந்த மணி, இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகள். மாத்திரையும் தொடர் ஆலோசனையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றைவிட இரண்டும் சேரும்போது பலன் அதிகம். ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு கருவி அங்கே இருந்தால் ஊதிக் காட்டுங்கள். விட்ட ஓரிரு நாளில் அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது பலருக்கு ஊக்கம் தருகிறது. மருத்துவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ‘விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்’ என்று அனுப்பிவைத்தால், அதே தாளோடு இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.